அத்தை மாற்ற மறுத்த பெயர்

போளூர் அலுவலகத்தில் உங்கள் அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிற்பு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. எதிரே சென்னையிலிருந்து வந்த மேலாளர். நடுவில் ஒரு கம்ப்யூட்டர், அதன் திரையில் இரண்டே இரண்டு பெயர்கள். அந்தப் பெயர்களுக்காக அன்று அவள் வேலையே போகட்டும் என்று நின்றாள். பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், பிள்ளைகளே.

மலை விவசாயிகள் சங்கத்தின் அந்த அலுவலகத்தில் நான் பதிவு வேலை பார்த்தேன். என் தங்கை, அதாவது உங்கள் அத்தை, அங்கே கம்ப்யூட்டர் நிரல் எழுதினாள். புளியும் சாமையும் யார் கொண்டுவந்தார்கள் என்று பதிகிற நிரல் அது. முதலில் எழுதியது ஒரு சென்னை நிறுவனம். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருந்தார்கள். அத்தை அதை முழுசாகப் பிரதி எடுத்துத் தன் கணக்கில் வைத்துக்கொண்டாள். இதற்கு ஃபோர்க் என்று பெயர். மூலத்தில் ஊராட்சிகளின் பெயர் மட்டும்தான் இருந்தது. ஜவ்வாது மலையில் ஓர் ஊராட்சி என்றால் இந்தச் சரிவில் பத்து வீடு, அந்தச் சரிவில் எட்டு வீடு என்று சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் எத்தனையோ. ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். சிற்றூரைச் சொன்னால்தான் ஆள் தெரியும். அது இல்லாமல் ஒருவர் புளி இன்னொருவர் பெயரில் ஏறிக்கொண்டிருந்தது. அத்தை ஒவ்வொரு சிற்றூராக நடந்து போய்ப் பெயர் கேட்டு எழுதிவந்து தன் பிரதியில் சேர்த்தாள்.

செய்த மாற்றத்தை இணையத்தில் எங்கே அனுப்புவது, எங்கிருந்து எடுப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். அந்த இடங்களை ரிமோட் என்பார்கள். நம் பிரதிக்கு ஒரிஜின், அது பிறந்த மூலத்துக்கு அப்ஸ்ட்ரீம். இந்த வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். அத்தையும் வைத்தாள். அந்தச் சென்னை நிறுவனத்திலிருந்து உதவிக்கு வந்த மேலாளருக்கு அது பொறுக்கவில்லை. "எழுதினது நாங்க. எங்களுதுதான் ஒரிஜின். உங்களுது டூப்ளிகேட்" என்று சொல்லி, அலுவலகக் கம்ப்யூட்டரில் பெயர்களை மாற்றிவிட்டுப் போனார். அன்று அத்தை மலையில் இருந்தாள். நான் தலையாட்டினேன்.

தப்பு நான் செய்ததுதான். அடுத்த வாரம், வேண்டாததை எல்லாம் ஒழித்துவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். டூப்ளிகேட் என்ற பெயர் கண்ணில் பட்டது. அத்தையின் கணக்கு அந்தக் கம்ப்யூட்டரில் திறந்தே இருந்ததால், அந்தப் பெயர் காட்டிய இணைய இடத்துக்கே போய் அழி என்று கொடுத்தேன். நிஜமாகவே அழிக்கவா என்று இணையதளம் கேட்டது. டூப்ளிகேட்தானே என்று சம்மதம் கொடுத்துவிட்டேன்.

"இன்னாண்ணா பண்ணி வெச்சிருக்க? என் பிரதி எங்க?"

"டூப்ளிகேட்னு போட்டிருந்துச்சும்மா..."

"உன் மூஞ்சி அப்பா மூஞ்சியாட்டமே இருக்குது. டூப்ளிகேட்னு உன்னத் தூக்கிப் போட்டாங்களா?"

நல்ல வேளை, அவளுடைய சொந்த லேப்டாப்பில் எல்லாம் அப்படியே இருந்தது. அங்கிருந்து மறுபடி ஏற்றினாள். அலுவலகக் கம்ப்யூட்டரிலும் பழைய பெயர்களையே போட்டாள். மேலாளர் வந்தார், பார்த்தார்.

"யாரைக் கேட்டு மாத்தின?"

"நீங்க யாரைக் கேட்டு மாத்தனீங்க சார்?"

"மலையிலேர்ந்து வந்து எங்களுக்கே சொல்லித் தர்றியா?"

"ஆமாங்க சார், மலையிலேர்ந்துதான் வர்றேன். போன தபா நீங்க பேர மாத்தனதுக்கே எங்கண்ணன் அத்தன ஊரையும் அழிச்சிட்டாரு."

பெயரை மாற்றாவிட்டால் நிரல் ஓடுகிற தங்கள் சர்வரில் இனி இடமில்லை, அவள் வேலைக்கும் வேறு ஆள் பார்க்கும்படி சங்கத்திடம் சொல்வேன் என்றார். "சொல்லுங்க சார். பேர மாத்த மாட்டேன்" என்றாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

சொன்னபடியே நிறுவனம் கையை விரித்தது. சங்கத்துக்காரர்கள் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. வேறு இடம் பிடித்து நிரலை ஓடவைக்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை நோட்டில் எழுதி என் விரல் காய்த்துப்போனது. புளி கொண்டுவந்தவர்களிடம் திட்டும் வாங்கினேன். ஆனால் ஒருவர் மூட்டைகூட வேறு பெயரில் ஏறவில்லை.

இப்போது ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குழு அத்தையின் நிரலை ஃபோர்க் எடுத்திருக்கிறது. போன மாதம் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் குழுவின் பெண் ஒருத்தி போன் செய்தாள். "எங்களுதுக்கு காப்பின்னு பேர் வெச்சிருக்கோங்க மேடம். சரிங்களா?"

அத்தை பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள்.

"மொதல்ல அந்தப் பேர எடும்மா. உங்களுத ஒரிஜின்னு போடு, எங்களுத அப்ஸ்ட்ரீம்னு வெச்சிக்கோ. நான் லைன்லயே இருக்கேன். போட்டுட்டுச் சொல்லு."