கழுத்துப் பிடிப்பும் காலால் பிறந்த அக்காவும்

போன வாரம் ஆனையூரில் யாராவது என்னைக் கூப்பிட்டு, நான் பீரோவை நகர்த்துவது போல மொத்த உடம்போடு திரும்பியிருந்தால் மன்னித்துவிடுங்கள். திமிர் இல்லை. கழுத்து!

செவ்வாய்க்கிழமை காலை எழுந்தேன். தலை இடது பக்கம் வரவே மாட்டேன் என்றது. வேறு வாரமாக இருந்தால் லீவு சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேலூரில் மாவட்ட வாலிபால் டீமுக்கு செலக்‌ஷன். வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அதைப் பற்றி இதே பக்கத்தில் நான் எவ்வளவு அளந்தேன் என்பது உங்களுக்கே தெரியும்.

அம்மா பதறவே இல்லை. என் தலையணையைத் தூக்கிக்கொண்டு நேராக மொட்டைமாடிக்குப் போனார்.

"எல்லாம் தலகாணி செஞ்ச வேலை. வெயில்ல நல்லாக் காஞ்சா பிடிப்பு விட்டுரும்."

"வலி எனக்கும்மா... வெயில் தலகாணிக்கா?"

"வாயாடாம அசையாமப் படு."

கழுத்து பிடித்துக்கொண்டால் தலையணைக்கு வைத்தியம் பார்க்காத வீடு நம் ஊரில் உண்டா?

அடுத்து வந்தான் பாண்டி. எங்கள் டீமில் எனக்குப் பந்து தூக்கிக் கொடுப்பவன்.

"மாப்ள, சிம்மக்கல்ல ஒரு சலூன் இருக்கு. தலையப் பிடிச்சு ரெண்டு பக்கமும் ஒரே திருகு. சடக்குன்னு சத்தம் வரும். முடிஞ்சுச்சு."

"எதுடா முடிஞ்சுச்சு? வலியா, நானா?"

கடைசியில் அம்மாவும் பாண்டியும் ஒத்துப்போன ஒரே ஆள் செல்வி அக்கா. என் பெரியப்பா மகள். அடுத்த தெரு. காலால் பிறந்தவர். அதாவது, பிறக்கும்போது கால் முதலில் வந்தவர். அப்படிப்பட்டவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு பறந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அக்காவுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வாசலில் யாராவது இடுப்பைப் பிடித்தபடி வந்து நின்றால், மீட்டிங் நடுவில் மைக்கை அணைத்துவிட்டு வந்து நாலு நீவு நீவிவிட்டு, மறுபடியும் போய் உட்கார்ந்துவிடுவார்.

நான் தரையில் உட்கார்ந்து கழுத்தைக் காட்டினேன். கால் வரவில்லை.

"என்னக்கா, மீட்டிங்கா?"

"இல்லடா. ஞாயித்துக்கெழம நீ விளையாடணுமா, வேணாமா?"

"விளையாடணும்."

"அப்ப என் கால நம்பாத. எனக்கே குதிகால் வலி. பிசியோதெரபிக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன்."

பாண்டி வாயைப் பிளந்தான். "உங்க காலுக்கேவாக்கா?"

"ஏண்டா, என் கால நானே மிதிச்சுக்க முடியுமா? வெளிய சொல்லிராதீங்க, தெருவே நொந்துபோயிரும். வண்டிய எடு!"

கிளினிக் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில். பிசியோதெரபிஸ்டுக்கு என்னைவிட ரெண்டு மூணு வயது கூட இருக்கலாம். கழுத்தைத் தொடுவதற்கு முன்னால் கேள்விகள். எங்காவது விழுந்தீர்களா? கை மரத்துப்போகிறதா? விரலை இறுக்கிப் பிடியுங்கள், பார்க்கலாம்...

"செலக்‌ஷன் வருதுன்னு எத்தனை ஸ்மாஷ் அடிச்சீங்க?"

"எண்ணல மேடம். வழக்கத்தைவிட ரெண்டு மூணு மடங்கு இருக்கும்."

"நீங்க எண்ணல. கழுத்து எண்ணியிருக்கு."

நரம்பில் பிரச்சினை இல்லை, தசைதான் இறுகியிருக்கிறது என்றார். அசையாமல் படுத்தால் இன்னும் இறுகுமாம். தாங்குகிற அளவுக்கு மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பாண்டி சொன்ன சலூன் திருகல் பற்றிக் கேட்டேன். அவர் திரும்பிப் பாண்டியைப் பார்த்தார். பாண்டி விட்டத்தைப் பார்த்தான். எனக்கு அந்த வசதியும் இல்லை.

"சனிக்கெழம வாங்க. ரெண்டு பக்கமும் வலியில்லாமத் திரும்பினா ஆடலாம். இல்லன்னா கிடையாது. வலி தெரியாம ஸ்ப்ரே அடிச்சுட்டு இறங்குற ஐடியா இருந்தா இப்பவே சொல்லிருங்க."

ஸ்ப்ரே என் பைக்குள்தான் இருந்தது. அங்கேயே பாண்டியிடம் கொடுத்துவிட்டேன்.

வெந்நீர் ஒத்தடம், தோள்பட்டைக்கு ஒரு பயிற்சி, கழுத்துக்கு இன்னொன்று. தலையைக் குனியாமல், தாடையை அப்படியே பின்னால் இழுக்க வேண்டும்... கழுத்தில் இரண்டாவது தாடை விழும். டவுன் பஸ்ஸில் அதைச் செய்தேன். எதிர் சீட்டு அண்ணன் கடுப்பாகிவிட்டார்.

"என்னப்பா மொறைக்கிற?"

"எக்சர்சைஸுண்ணே."

"மொறைக்கிறதுக்கும் எக்சர்சைஸ் வந்துருச்சா?"

சனிக்கிழமை. என் இடது தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "என்னைப் பாருங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட். திரும்பினேன். முதலில் சுவர்க் கடிகாரம், அப்புறம் அவர் கண்ணாடியின் ஓரம், அப்புறம்... முழுச் சிரிப்பு.

"போங்க. வார்ம்-அப் பண்ணாம ஒரு பந்தையும் தொடக்கூடாது."

மேலூரில் மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் கடைசியாகப் படிக்கப்பட்டது என் பெயர். கடைசியாக இருந்தால் என்ன? படித்தார்களே! அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பாத்தியா? தலகாணியக் காயப்போட்டது வீண்போகல!"

மாடி கிளினிக்குக்கு என் முதல் நன்றி. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள்... செல்வி அக்கா நாலு நீவு நீவியிருந்தால், நான் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கழுத்தும் போயிருக்கும், வாய்ப்பும் போயிருக்கும். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரே நம்பி வருகிற நேரத்தில், 'என்னால் ஆகாது, அங்கே போ' என்று சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்? நம்மில் எத்தனை பேருக்கு அது வரும்?

நேற்றுக் காலை அக்கா வீட்டு வாசலில் எங்கள் டீம் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவனுக்குத் தோள், ஒருவனுக்குக் கழுத்து. அக்காவின் கால்தான் என்னை டீமில் சேர்த்தது என்று தெருவெல்லாம் பேச்சாம்! அக்கா என்னை முறைத்தார். நான் தாடையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

ஒவ்வொருவனையும் காலால் லேசாகத் தொட்டார் அக்கா.

"பாதி முடிஞ்சுச்சு. மீதிப் பாதி கிளினிக்ல. கிளம்புங்கடா!"

தலையணை இன்னும் மொட்டைமாடியில்தான் காய்கிறது.