சிவப்புக் கட்டத்தில் ஒன்று

ஸ்லாவ்னா ஊரின் கர்லிங் கூடத்துக்குள் நுழைந்தால் இடதுகைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. மேல்பாதியில் பனித்தரையில் கல் தள்ளும் பந்தயங்களில் ஜெயித்தவர்களின் பெயர்கள். அதை யாரும் பார்ப்பதில்லை. கீழ்பாதியில்தான் எல்லோர் கண்ணும். கனடாவின் ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கு நடந்த ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் நூற்றுப் பதினான்காம் சாவடியில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்று நீலம், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறது.

பேட்ஜர் ஹில்ஸ் தொகுதியின் சரித்திரம் முழுக்க அந்தப் பலகையில் அடங்கிவிடும். ஆரம்பத்தில் வறட்சிக் காலத்து ஆரஞ்சு. ஐம்பத்தெட்டில் நீலம் அள்ளிக்கொண்டு போனது, அன்றைக்குப் போனதுதான். நீலக் கட்சி ஒரு வேலிக்கம்பத்தை நிறுத்தினாலும் ஜெயிக்கும். நிறுத்தியும் இருக்கிறார்கள், பேர் சொல்ல மாட்டேன். சிவப்புக்கு ஒரு காலத்தில் இருபது ஓட்டு இருந்தது. அது பதினொன்று ஆயிற்று, நான்கு ஆயிற்று. எண்பதாம் வருஷம் ஒன்று. அதற்கப்புறம் பலகையின் அடிவரைக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று. பதிமூன்று தேர்தல், பதிமூன்று ஒன்று.

அந்த ஒன்று யார் என்று ஊருக்கே தெரியும். நெஸ்டர் கோவால்.

நெஸ்டருக்கு மட்டும் அது தான் இல்லை என்று தெரியும்.

அவன் அப்பா சிவப்புக் கட்சி ஆட்சியில் தபால்காரராக நியமனமானவர். நீலம் வந்ததும் வேலை போயிற்று. அந்தக் கறை மகன் மேல் ஒட்டிக்கொண்டது. எண்பதாம் வருஷம் தேர்தலுக்கு மறுநாள் காலை, கூடத்தில் வழக்கமான காப்பி மேசையில் பத்துப் பதினைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அடுப்படி ஜன்னல் பக்கம். நெஸ்டரின் மனைவி ஸ்டெஃபாவின் அண்ணன் மெத்ரோ, தொகுதி நீலக் கட்சியின் தூண், தூரிகையால் சிவப்புக் கட்டத்தில் ஒன்று என்று எழுதிவிட்டுத் திரும்பினான்.

"ஒண்ணே ஒண்ணு! ஏன் மச்சான், உங்கப்பா செத்தும் தபால் போட்டுட்டு இருக்காரா?"

கூடமே சிரித்தது. நெஸ்டர் வாயைத் திறந்தான். தன் ஆயுளில் நீலத்தைத் தவிர வேறு எதற்கும் ஓட்டுப் போடாத மனிதன் அவன். "நான் இல்லடா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஜன்னல் பக்கம் இலவங்கப்பட்டை போட்ட பன்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்துவிட்டான். ஸ்டெஃபாவின் கை அப்படியே நின்றிருந்தது. கழுத்திலிருந்து காதுவரை சிவந்திருந்தது.

அவளைக் கட்டி நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் புரிந்தது. ஸ்டெஃபாவின் அப்பா நீலத் தலைவரின் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கிழவர். தன் மகள் சிவப்புக்குப் போட்டாள் என்று தெரிந்தால் வாசற்படி ஏற விடமாட்டார். நெஸ்டர் வாயை மூடிக்கொண்டான்.

"சரி சரி, தோத்த கட்சி ஊருக்கு பன் வாங்கிக் குடுக்கணும்," என்றான் ஒருவன். அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு தேர்தலுக்கும் மறுநாள் நெஸ்டர் இரண்டு டஜன் பட்டை பன் கொண்டுவர வேண்டும். அதைச் செய்கிறவள் ஸ்டெஃபா. ஓட்டுப்போடப் போவதற்கு முன்னாலேயே அவள் மாவு பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிடுவாள். மாலையில்தானே எண்ணுவார்கள்? சிவப்புக்கு ஓட்டு விழும் என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல் காலையிலேயே மாவு பொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஸ்டருக்குச் சந்தேகம் இருந்தால் அதுவும் போய்விடும்.

ஏன் போட்டாய் என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தன்னால்தான் புருஷன் பேச்சு வாங்குகிறான் என்று அவள் உருகிப்போவாள். அவளுக்கு அந்தப் பாரம் வேண்டாம் என்று நினைத்தான். முட்டாள்.

வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமா? ஒட்டாவாவில் சிவப்பு ஆட்சி கிளை ரயில்பாதையைப் பிடுங்கிக்கொண்டு போன வருஷம் காப்பி மேசையில் அவனுக்கு ஒருவரும் நாற்காலி நகர்த்தவில்லை. அதே ஆட்சி துப்பாக்கிப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தபோது யாரோ அவன் தபால் பெட்டிக்குச் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போனார்கள். கூட்டுறவுக் கடை நிர்வாகக் குழுவுக்கு நின்றான். மூன்று ஓட்டில் தோற்றான். நீலக் கட்சி வேட்பாளர் வீடு வீடாக வரும்போது அவன் வாசலை மட்டும் தாண்டிப் போவார். அவருக்காகத்தான் அவன் ஓட்டே! ஒருதரம் ஆத்திரம் தாங்காமல் நீலக் கட்சியின் விளம்பரப் பலகை ஒன்றை வாங்கிவந்து வாசலில் நட்டான். "நடிப்புல பெரிய ஆளுடா நீ!" என்று ஊர் கைதட்டியது. மறுநாளே பிடுங்கிக் கொட்டகையில் போட்டான்.

இந்த ஜனவரியில் ஸ்டெஃபா செத்துப்போனாள். ஏப்ரலில் தேர்தல் வந்தது.

அதோடு இன்னொரு செய்தியும் வந்தது. தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்துவிட்டார்கள், எங்கள் ஊரில் தலைகளும் குறைந்துவிட்டன. ஸ்லாவ்னாவில் இதுதான் கடைசி வாக்குப்பதிவு. அடுத்த தடவையிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி பெரிய ஊரில் போய் எல்லோரோடும் கலந்து போட வேண்டும். பலகையில் இன்னும் ஒரே ஒரு வரிதான் பாக்கி.

அந்த ஒரு வரியில் நெஸ்டர் மாட்டிக்கொண்டான். அவன் எப்போதும்போல் நீலத்துக்குப் போட்டால் சிவப்புக் கட்டத்தில் பூஜ்யம் விழும். நாற்பத்தைந்து வருஷப் பேச்சு ஒரே நாளில் துடைத்துப் போகும். செவப்பு நெஸ்டர் உயிரோடு இருக்கிறான், ஒன்றைக் காணோம். அப்படியானால் அது அவன் இல்லை. சரி, பிறகு யார்? ஜனவரியில் யார் செத்தது? சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். அவள் அண்ணன் முகம் எப்படிப் போகும்! நாற்பத்தைந்து வருஷம் புருஷனைப் பலிகொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பன் பரிமாறினாள் என்று ஊர் பேசும். பதில் சொல்ல அவளும் இல்லை.

தேர்தலன்று மதியம் சாவடி போட்டிருந்த கர்லிங் கூடத்துக்குப் போனான். சாவடி அதிகாரி வேரா, தபாலகத்தில் இருப்பவள், சீட்டை மடித்துக் கொடுத்தாள். "சீக்கிரம் போட்டுட்டு வா நெஸ்டர். உன் ஓட்டை எண்ணவே வேணாம், எங்க விழும்னு எனக்குத் தெரியும்."

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்றான். பென்சிலை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். கடைசித் தடவையாவது என் ஓட்டு எனக்கு வேண்டாமா என்று அவளிடம் மனதுக்குள் சண்டை போட்டான். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாகச் சிவப்புக்கு எதிரே பெருக்கல் குறி போட்டான். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதான்.

மாலை சாவடி மூடியது. கதவைச் சாத்திக்கொண்டு வேராவும் எழுத்தரும் எண்ணினார்கள். நீலக் கட்சி சார்பில் வழக்கம்போல் மெத்ரோ உள்ளே உட்கார்ந்து பார்த்தான். வெளியே முன்னறையில் ஊரே நின்றது, கடைசி எண்ணிக்கை அல்லவா. முக்கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. வேராவின் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"நீலம் அம்பத்தெட்டு. ஆரஞ்சு ஒம்பது. செவப்பு..." தாளை இன்னொருமுறை பார்த்தாள். "ரெண்டு."

"என்னது?"

"ரெண்டுய்யா! மூணு தடவை எண்ணிட்டேன்."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். நெஸ்டர் விரலை மடக்கி எண்ணினான். ஒன்று தன்னுடையது. இன்னொன்று? அப்படியானால் இத்தனை காலமும் அந்த ஒன்று வேறு எவனுடையதோவா? ஸ்டெஃபாவே இல்லையா? நான் யாருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்? வேராவுக்குப் பின்னால் மெத்ரோ வந்தான். எழுபத்தெட்டு வயது, என்றைக்கும் வாய் ஓயாதவன். நெஸ்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை நெஸ்டர் கடையில் வாங்கிய பன் பெட்டியை அடுக்களை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவைத் தட்டாமலே மெத்ரோ உள்ளே வந்தான். பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"நீ எதுக்குடா போட்ட?" என்றான்.

"எதை?"

"ஒண்ணும் தெரியாதவன் மாதிரி பேசாத மச்சான். ஒண்ணு நான் போட்டது. இன்னொண்ணு நீதானே?"

நெஸ்டர் அவனையே பார்த்தான். நீலக் கட்சியின் தூண்.

"பூஜ்யம் வந்தா அவ பேரு கெட்டுடும்னு போட்டேன்," என்றான் மெத்ரோ. "நீ நீலத்துக்குத்தான் போடுவேன்னு நெனச்சேன். எப்பவும் அப்படித்தானே போடுவ."

"நான் நீலம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மெத்ரோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "எண்பதுலேயே தெரியும். அவ ஓட்டுப் போட்டுட்டு நேரா என் கொட்டகைக்கு வந்தா. அழுதா. ஒரே ஒரு ஓட்டா வந்துடுச்சுன்னா அப்பா கண்டுபிடிச்சிடுவாருண்ணா, என்னைக் கொன்னே போட்டுடுவாருன்னா. நான் பாத்துக்கறேன் போன்னு அனுப்பினேன்."

"பாத்துக்கிட்ட."

"வேற யாரைக் கைகாட்டச் சொல்ற? உங்கப்பாவால உன் பேரு ஏற்கெனவே கெட்டுக் கெடந்துது. நீ ஒரு வருஷம் தாங்கிட்டா போதும்னு நெனச்சேன். அடுத்த தடவையும் அவ அதையே போடுவான்னு நான் கண்டேனா? பிடிவாதக்காரி! அப்பா போனப்புறமாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம். அதுக்குள்ள நான் தொகுதிக் கட்சித் தலைவர் ஆயிட்டேன்."

"அடப்பாவி." நெஸ்டரின் குரல் மேலெழும்பவே இல்லை. "உன் தங்கச்சின்னு எனக்கும் அன்னிக்கே தெரியும்டா. தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்."

மெத்ரோ நிமிர்ந்து பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"பன் மாவு பாத்தா தெரியாதா?"

"அய்யோ கடவுளே," என்றான் மெத்ரோ. "அவளுக்கு அது தெரியாதுடா. உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சிட்டே போயிட்டா. ஒவ்வொரு தேர்தலுக்கும் 'என்னால அந்த மனுஷன் அசிங்கப்படறாரு, பன்னையாவது நல்லா செஞ்சு குடுக்கறேன்'னு சொல்லுவா. ஆஸ்பத்திரியிலகூட, 'அவருகிட்ட சொல்லிடட்டுமாண்ணா'ன்னு என் கையைப் பிடிச்சிட்டுக் கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"வேணாம்னேன்," என்றான் மெத்ரோ.

நெஸ்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். ஒரே வீட்டில், ஒரே மேசையில், நாற்பத்தைந்து வருஷம். அவள் வருத்தப்படக்கூடாது என்று அவன் பேசவில்லை. அவன் கோபித்துக்கொள்வான் என்று அவள் பேசவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பாரம் அவளுக்கு இருந்திருக்காது. அவள் மனப்பாரம் தெரியாமல் அந்த இரண்டு டஜன் பன்னையும் அவன் எவ்வளவு லேசாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்! மெத்ரோவை அடிக்க வேண்டும்போல் இருந்தது. யாரை அடித்து என்ன ஆகப்போகிறது?

"வா, போகலாம்," என்றான். "காத்துட்டு இருப்பாங்க."

கூடத்தில் காப்பி மேசை நிரம்பி வழிந்தது. அவர்கள் நுழைந்தபோது பேச்சு சூடாக இருந்தது. புதிதாக வந்து பட்டறை போட்டிருக்கும் மெக்கானிக் டெரெக் ஓரத்தில் காப்பிக் கோப்பையோடு நின்றான். இரண்டாவது சிவப்பு இவன்தான் என்று எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டிராக்டர் ரிப்பேர்னா நான் இனிமே வேற ஊருக்குத்தான் கொண்டு போவேன்," என்றான் ஒருவன்.

"நான் இல்லீங்க," என்றான் டெரெக். யாரும் அவனை நம்பவில்லை என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நெஸ்டருக்கு அந்த முகங்கள் நன்றாகப் பழக்கம்.

மெத்ரோ பலகைக்கு முன்னால் போய்த் தூரிகையை எடுத்தான். சிவப்புக் கட்டத்தில் இரண்டு என்று எழுதினான். எப்போதும் எழுதிவிட்டுத் திரும்பிக் கேலி பேசுகிறவன், இன்றைக்குச் சுவரைப் பார்த்தே நின்றான்.

"சொல்லு நெஸ்டர், உன் கூட்டாளி யாரு? உனக்குத் தெரியாம இருக்காது," என்று மேசை கேட்டது.

ஒரு விரலை நீட்டினால் போதும். நெஸ்டர் மெத்ரோவின் முதுகைப் பார்த்தான். அந்த முதுகுக்கும் தெரியும். விரலை நீட்டினால், உனக்கென்ன வந்தது, நீ எதற்குப் போட்டாய் என்று மெத்ரோவைக் கேட்பார்கள். அதற்குப் பதில் ஸ்டெஃபா.

"கூட்டாளியாவது ஒண்ணாவது," என்றான். "ரெண்டும் நான்தான். கடைசித் தடவையாச்சே, கள்ள ஓட்டு ஒண்ணு சேத்துப் போட்டேன்."

"என் சாவடியிலயா!" என்று வேரா மேசையில் அடித்தாள். "நெஸ்டர், போலீஸைக் கூப்பிடுவேன்!"

கூடம் அதிர்ந்தது. ஒருவன் சிரித்துச் சிரித்துக் காப்பியைக் கொட்டினான். "திருந்தவே மாட்டியாடா நீ!" என்று யாரோ அவன் தோளில் தட்டினார்கள். டெரெக்கும் சிரித்தான். நிம்மதியாகச் சிரித்தான்.

"ஆமா, நான் என்னைக்குத் திருந்தினேன்?" என்று நெஸ்டர் பன் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தான்.

மெத்ரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் ஆளுக்கு ஒரு பன் எடுத்தார்கள். கடை பன், காய்ந்துபோயிருந்தது. எதிரே இருந்தவன் ஒரு வாய் கடித்துவிட்டு, "ஸ்டெஃபா செஞ்ச மாதிரி வராதுப்பா," என்றான். நெஸ்டர் தலையாட்டிவிட்டு மென்று விழுங்கினான்.