முதல் வரியிலேயே ஒன்பது நாள்

எங்கள் தையல் ஆலையில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். துணி வெட்டும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்ததால் வந்த பெயர் என்று அவளே நம்பிக்கொண்டிருந்தாள். உண்மையில் அது அவள் பேச்சுக்காக வைத்தது, வைத்தவள் நான். நூற்றிருபது மெஷின் ஓடும் கூடத்தில் நீட்டி முழக்கினால் யார் காதிலும் விழாது. "காலர் தப்பு. பிரி. திரும்பத் தை" என்பதோடு முடித்துவிடுவாள். பதினெட்டு வருஷம் அப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசியே சூப்பர்வைசர் ஆனாள். போன வருஷம் பழைய மேலாளர் ஓய்வு பெற்றதும் தற்காலிக மேலாளராகவும் ஆனாள்.

அங்கேதான் வந்தது வினை. மேலாளர் என்றால் வெளிநாட்டில் இருந்து ஆர்டர் தரும் அம்மாளுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டும், வாரம் ஒருமுறை வீடியோவில் பேச வேண்டும். பழையவர் ஒரு மாதிரிக் கடித ஃபைலை விட்டுப் போயிருந்தார். அதை இவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அந்த ஃபைலில் ஒரு கடிதம்கூட நேராக விஷயத்துக்கு வராது. நலம் விசாரிக்கும், நன்றி சொல்லும், நெடுநாள் உறவைப் புகழும், அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாயைத் திறக்கும். தமிழில் கத்தரியாக இருந்தவள் ஆங்கிலத்தில் ஜவ்வாக இழுத்தாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் என் ஆங்கிலம் அதைவிட மோசம் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் முன்பு நாலாயிரம் ஜாக்கெட்டுக்கு வந்த உள்துணி, ஒப்புக்கொண்ட மாதிரியைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவள் நான் என்பதால் நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். இதையே போடலாமா என்று கேட்டு அவள் மெயில் எழுதினாள். கேள்வி பதினோராவது வரியில் இருந்தது. அந்த அம்மாள் முதல் நாலு வரியைப் படித்துவிட்டு, மரியாதைக்கு எழுதியது என்று மூடிவிட்டாராம், பின்னால்தான் தெரிந்தது. பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் சம்மதம் என்பது எங்கள் ஆலையில் யாரோ எப்போதோ போட்ட சட்டம். தைத்து முடித்துவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை அந்த அம்மாளிடமிருந்து வேறு விஷயமாக ஒரு மெயில் வந்தது. உள்துணியின் நிறம் துளியும் மாறக் கூடாது என்று அதில் ஒரு வரி. படித்ததும் கத்தரியின் முகம் செத்துப்போயிற்று. சரியான துணியை வரவழைத்து, நாலாயிரத்தையும் பிரித்துத் தைக்கக் கணக்குப் போட்டாள். என்ன தலைகீழாக நின்றாலும் ஒன்பது நாள் தாமதம்.

முதலாளி கெட்டவரில்லை, பயந்தவர். அவள் போய் விஷயத்தைச் சொன்னதும், புதன்கிழமை வீடியோவில் எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்லச் சொன்னார், பிறகு கப்பல் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாமாம். கையோடு இன்னொன்றும் சொன்னார். நிரந்தர மேலாளர் பதவிக்கு, ஆங்கிலத்தைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசும் ஒருவரை வியாழக்கிழமை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். புதன்கிழமை சொதப்பினால் இவள் திரும்பவும் தையல் கூடத்துக்கே போக வேண்டியதுதான்.

"எனக்கு இந்த வேலை வேணும்டி. ஆனா பொய் சொல்லி வேணாம்" என்றாள் என்னிடம்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, புதன்கிழமை பேசுவதற்கு எழுதி வைத்திருந்த ஒரு பக்க ஆங்கிலத்தைப் படித்துக் காட்டினாளாம். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னதை மதியம் சாப்பாட்டின்போது என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். "லிஃப்ட்ல மாட்டினவங்க மொதல்ல என்ன கேப்பாங்க? எத்தனை நிமிஷம்னுதான். நீ அவங்ககிட்ட சௌக்கியமான்னு கேட்டுட்டு நிக்கிற."

சாப்பிட்ட கையோடு அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். ஐந்தே வாக்கியம் எழுதினாள். என்னை அந்த அம்மாளாக உட்கார வைத்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளச் சொல்லி, இருபது முறையாவது சொல்லிப் பார்த்திருப்பாள். உம்மென்று இருப்பது எனக்குக் கஷ்டமான காரியம் இல்லை.

புதன்கிழமை வீடியோவில் அவளுக்குப் பக்கத்தில் முதலாளி, மறுபக்கம் துணி மாதிரியைத் தூக்கிக் காட்ட நான். அந்த அம்மாள் திரையில் வந்ததும் கத்தரி வணக்கம் சொன்னாள். அடுத்த வாக்கியத்திலேயே, சரக்கு ஒன்பது நாள் தாமதமாகும், தவறு தன்னுடையது என்றாள். என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்யப் போகிறோம் என்பதையும் அதே வேகத்தில் சொல்லி நிறுத்தினாள். உச்சரிப்பு அங்கங்கே இடறியது. குரல் இடறவில்லை.

மேசைக்கு அடியில் முதலாளி அவள் காலை மிதித்ததை நான் பார்த்தேன். அந்த அம்மாள், ஐந்து நாளில் முடிக்க முடியாதா என்று கேட்டார். பழைய மேலாளராக இருந்தால் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டியிருப்பார்.

முடியாது என்றாள் இவள். ஐந்து என்று சொன்னால் இன்றைக்கு நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், ஆறாம் நாள் நான் பொய்க்காரி ஆவேன் என்றாள்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம்தான், மறைக்கவில்லை. ஒன்பது என்று குறித்துக்கொள்கிறேன், பத்தாம் நாள் எந்தச் சாக்கும் கேட்க மாட்டேன் என்றார். இனி இந்த ஆர்டர் விஷயமாக உங்களிடம் மட்டுமே பேசுவேன் என்று அவள் பக்கம் விரலைக் காட்டிவிட்டுத் திரையை மூடினார்.

முதலாளி மேசைக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டார். பிறகு, "நாளைக்கு வர்றவருக்கு நீங்களே ஒரு மெயில் போட்டுடுங்க" என்றார்.

"என்னன்னு சார்?"

"இடம் காலியா இல்லைன்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை, கீபோர்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டே வரி. முதல் வரியில் இந்தப் பதவி காலியாக இல்லை, இரண்டாவதில் சிரமத்துக்கு வருந்துகிறோம். கீழே தன் பெயரும் பதவியும் தானாக வந்து நின்றன. தற்காலிக என்ற சொல்லை மட்டும் அழித்தாள். நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தாள்.

"அனுப்பட்டுமா சார்?"

அவர் திரையைப் படித்தார், இரண்டு தரம். "அனுப்புங்க" என்றார்.