காலையில் மட்டும் வந்த வானவில்

மந்தைவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்த சமயம். விடியற்காலையில் எழுந்து சமையலறை விளக்கைப் போட்டால், பல்பைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம் தெரியும். பார்வையும் மங்கலாக இருக்கும். வெயில் ஏறியதும் எல்லாம் சரியாகிவிடும்.

பள்ளி விட்டதும் தி.நகரில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் போனேன். இரண்டு முறை போயும், கருவியில் பார்த்தபோது கண்ணின் அழுத்தம் சரியாகவே இருந்தது. "உனக்கு வீண் பயம்" என்றார் கணவர். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மூன்றாவது முறை டாக்டர், "காலைல மட்டும்தான் வருதா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர். சாயங்காலம் ஒண்ணுமே இல்ல."

"அப்ப நான்தான் தப்பான நேரத்துல பாத்துட்டிருக்கேன். சில பேருக்குத் தூங்கி எழுந்திரிக்கும்போது அழுத்தம் ஏறும், அப்புறம் இறங்கிடும். மாடியிலதான் என் வீடு. நாளைக்கு எழுந்ததும் நேரா வாங்க."

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே கணவர் ஸ்கூட்டரில் அழைத்துப் போனார். ஈரத் தலையில் சுற்றிய துண்டோடு டாக்டரே இறங்கிவந்து கதவைத் திறந்தார். பரிசோதித்துவிட்டு, "ஏறியிருக்கு. கண் அழுத்த நோய்தான். நல்ல வேளை, நரம்பு கெடல. தினமும் சொட்டு மருந்து போட்டுக்கிட்டா பார்வையைக் காப்பாத்திடலாம்" என்றார்.

வெளியே நின்றிருந்த கணவர், "என்ன சொன்னாங்க?" என்று பதறினார்.

"நோய் இருக்காம்!" என்று சிரித்தேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

நோய் இருக்கிறது என்று கேட்டு நான் நிம்மதியடைந்தது அந்த ஒரு முறைதான். நோய் இல்லையென்று கருவி காட்டிய பிறகும் அந்த அம்மா என் வார்த்தையை நம்பினார்.