இருநூற்றுப் பதினான்கு வாசல்கள்

எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும், முதலில் ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார். கல்யாணப் படமானாலும் சரி, கைபேசியில் வந்த படமானாலும் சரி. "போனுக்குப் பின்னாடி என்னம்மா தெரியப் போகுது?" என்று மகள் சிரித்தால், "கை தானாப் போகுதுடி" என்பார். இருபத்தாறு வருடப் பழக்கம் அப்படிச் சுலபத்தில் விட்டுவிடுமா என்ன! மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், கை கால் முறித்துக்கொண்டு வருகிறவர்களை அசையாமல் நிறுத்திப் படம் பிடிப்பது அவருடைய வேலை. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்கா.

நாள் முழுக்க எலும்பையே பார்க்கிற கண்ணுக்கு வேறு ஏதாவது வேண்டாமா? அக்கா பார்ப்பது மற்றவர்களின் வலைப்பூக்களில் வரும் புகைப்படங்களை. பேர் பெற்றவர்கள் எடுத்தது அவருக்கு வேண்டாம். படத்தைப் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று தாங்களே நாலு தடவை எட்டிப் பார்ப்பவர்கள் எடுத்ததுதான் வேண்டும். ஒருவர் பேருந்து ஜன்னல்களை மட்டும் எடுக்கிறார். ஒரு பல் டாக்டர் கொடியில் காயும் துணிகளை எடுக்கிறார். ஒரு பெண்மணி தன் பூனையைத் தவிர வேறெதையும் எடுப்பதில்லை. பூனைக்கு அலுத்துப்போனது படத்திலேயே தெரிகிறது. அக்கா இவர்களை ஒரு நோட்டில் குறித்துவைத்தார். நோட்டு மூன்றானது. ஒரு நாள் சாப்பிடும்போது, "இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியல. எல்லாரையும் ஒரே தெருவுல குடி வெச்சா என்ன?" என்று கேட்டார். புகைப்பட வலைப்பூக்களின் முகவரிகளையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் இணையதளம் அன்றைக்கு அந்தச் சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான் பிறந்தது.

ஏழு மாதம் உட்கார்ந்து தானே கற்றுக்கொண்டு தானே கட்டினார். பின்புலம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கறுப்பில்தான் எதுவும் தெளிவாகத் தெரியும் என்பது அவர் கட்சி. "அடுத்து" என்ற பொத்தானை இடது பக்கம் வைத்திருந்தார். எக்ஸ்ரே பார்ப்பவர்களுக்கு எதிரில் நிற்பவரின் வலது பக்கம், அதாவது நம் இடது பக்கம்தான், வலது பக்கம். பேருந்துப் பணிமனையில் நேரக் கணக்கு எழுதும் கணவர், சோதித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று அமுக்கி அமுக்கி வந்த இடத்துக்கே வந்து சேர்ந்து, இதில் ஊர் போய்ச் சேர முடியாது என்று கைவிரித்த பிறகுதான் பொத்தான் இடம் மாறியது.

கேட்காமல் யாரையும் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம். இருநூற்றுப் பதினான்கு பேர் சம்மதித்தார்கள். மகிழ்ச்சி தலைக்கேற, எல்லாக் கடிதத்திலும் ஒரு வாக்குறுதியைச் சேர்த்துவிட்டார்: தளம் திறக்கும் அன்றே உங்கள் வாசலுக்கு ஒருவராவது வருவார். நானும் என் வீட்டாரும் நண்பர்களும் கணக்கில் சேர மாட்டோம்.

ஒரு பதில் மட்டும் அவரைத் தூங்கவிடவில்லை. அது ஒரு விடுதிக் காவலாளி எழுதியது. தினமும் காலை பத்து மணிக்குத் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எதிரிலுள்ள மாடிப்படியை ஒரு படம் எடுக்கிறவர். நான்கு வருடமாக ஒரு நாள் தவறவில்லை. யாரும் வருவதில்லை, இத்தோடு மூடிவிடலாம் என்றிருந்தேன், நீங்கள் சொன்ன நாளில் மாலை ஆறு மணி வரை பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார்.

அந்த நாளும் வந்தது. காலை ஏழு மணிக்கு வீட்டுச் சமையலறையில் நின்றபடியே தளத்தைத் திறந்துவிட்டார். வேலைக்கு வந்தபோது கால் தரையில் பாவவில்லை. ஒரு நோயாளியை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதற்குள் ஓடிப்போய்க் கைபேசியில் எண்களைப் பார்ப்பார். பத்து மணிக்கு அறுபது வாசலில் ஆள் வந்தாயிற்று. பூனைக்கு மட்டும் எழுபது பேர்! மதியத்துக்குள் நூற்றைம்பது வாசல். வாயெல்லாம் பல்லாக, தோள்பட்டை நழுவி வந்த ஒரு பெரியவரிடம் பல் டாக்டரின் துணிக்கொடியைப் பற்றிச் சொல்ல, வலியிலும் அவர் தலையாட்டினார். நாலு மணிக்கு இருநூற்றுப் பதின்மூன்று. மாடிப்படியில் மட்டும் பூஜ்யம்.

நாலரைக்கும் பூஜ்யம். ஒரே ஒரு தடவை தானே அமுக்கிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? விரல் வரைக்கும் வந்துவிட்டது. சீ என்று கைபேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு, எதிர்க் கண்ணாடி அறையில் டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிக்கும் தோழியிடம் போய்ப் புலம்பினார். அவள் கைபேசியை வாங்கி, மாடிப்படிக்குக் கீழே அக்கா எழுதியிருந்த அறிமுக வரியைப் படித்தாள்: "மாடிப்படி. நான்கு ஆண்டுகள். குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை."

"இதை நான் ஒரு நாளைக்கு நாப்பது தடவை அடிக்கிறேன்க்கா. யாரு வந்து பாப்பாங்க?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த அறையில் இதைவிட நல்ல சேதி உண்டா? இந்த ஒரு வரிக்காக எத்தனை பேர் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்! உச்சிமேல் வைத்துப் பாராட்டுவதாக நினைத்துத்தான் எழுதினார். "மாற்றம் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தமாடி? படிக்குக் கீழ கிடக்கிற செருப்பைப் பாரு. மொதல் வருஷம் ரெண்டு ஜோடி ஒட்டிக்கிட்டு கிடக்கும். அப்புறம் தள்ளித் தள்ளிக் கிடக்கும். அப்புறம் ஒரு ஜோடிதான். போன மாசம் பாத்தா, அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு ஜோடி. நான் அழுதுட்டேன் தெரியுமா?"

"இதையே எழுதித் தொலையேன்க்கா."

நின்றபடியே பழைய வரியை அழித்தார். "ஒரே மாடிப்படி. படிக்குக் கீழே கிடக்கும் செருப்புகளை முதல் நாளிலிருந்து பார்த்துக்கொண்டே வாருங்கள்" என்று எழுதி ஏற்றினார்.

ஐந்து மணி. பூஜ்யம். கணுக்கால் ஒன்று, விலா ஒன்று, பந்து பட்டு வீங்கிய கட்டைவிரல் ஒன்று. ஐந்தரை. பூஜ்யம். எண்ணைப் பார்க்கவே பயந்து, இரண்டு நோயாளிகளுக்கு ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டார். ஆறுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது, முதுகுவலிக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த இடைவெளியில், கைபேசியைத் திருப்பினார்.

கதவைத் தள்ளிக்கொண்டு நடைபாதைக்கே வந்துவிட்டார். எதிர்க் கண்ணாடிக்குள் தோழி காதில் டாக்டர் குரலை மாட்டிக்கொண்டு மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணாடியைத் தட்டினார். பெஞ்சில் காத்திருந்தவர்களெல்லாம் என்னவோ ஏதோவென்று நிமிர, கனத்த ஈய அங்கியோடு நின்று, ஒரே ஒரு விரலைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார்.