பொறுப்பு: நஞ்சப்பன்

நஞ்சப்பண்ணன் காலமான செய்தி, எங்கள் விசைத்தறி உரிமையாளர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், நூல் விலைக்கும் மின்தடை அறிவிப்புக்கும் நடுவே வந்தது. அதற்கு மூன்று பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தோம். பழக்கம்தான். மூன்றாவது விரல் என்னுடையது. பார்த்திருந்தால் உடனே கூப்பிட்டு, "ஏனுங்க, நான் போனதுல அத்தனை சந்தோஷங்களா?" என்று கேட்டிருப்பார். அந்த அழைப்புக்காகச் சிறிது நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சோமனூரில் எங்கள் சங்கத்துக்கு அவர் செயலாளர், நான் துணைச் செயலாளர். அலுவலகத்துக்கு யார் வந்தாலும் முதலில் நாற்காலி, பிறகு தண்ணீர், அதன் பிறகே வந்த விஷயம். வசூலுக்கு வந்தவரும் சண்டைக்கு வந்தவரும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பலருக்கு அதற்குள் பாதிச் சுருதி இறங்கிவிடும்.

வெளிமாநிலத் தொழிலாளர் பட்டியலைக் காவல் நிலையம் கேட்டபோது, எல்லாத் தறிக்கூடங்களுக்கும் பொதுவாக ஒரு விதிமுறை எழுத முடிவு செய்தோம். அதுவரை ஆளுக்கொரு கொள்கை. ஒருவர் ஆதார் கேட்பார். இன்னொருவர் அறுந்த நூலை முடிச்சுப் போடத் தெரிந்தால் போதும் என்பார். வரைவு எழுதும் வேலை, புத்தகம் படிக்கிறவன் என்ற குற்றத்துக்காக எனக்கு வந்தது. என் இரண்டாம் விதி இது: 'உரிய ஆவணம் இல்லாதவர் அன்று மாலைக்குள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்.' சுருக்கமான, பிழையற்ற வாக்கியம். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

நஞ்சப்பண்ணன் இரண்டு முறை படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. இதை இத்ரீசுகிட்டப் படிச்சுக் காட்டிப்போடுங்க."

இத்ரீஸ் என் கூடத்தில் ஆறு வருடமாகத் தறி ஓட்டுகிறவர். வங்காளத்தில் ஆற்றோரக் கிராமம். வீட்டோடு காகிதங்களையும் ஆறு கொண்டுபோய்விட்டது என்பார். உண்மையா, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் பட்டியலில் ஆவணம் இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

வந்தவருக்கு நாற்காலி, தண்ணீர். நான் படித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். முடித்ததும் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "சாயங்காலம்னா எத்தனை மணிங்க? தறியில ஏத்துன பாவு நூலு பாதியில நிக்குதுங்க."

சங்கத் தலைவர் வரைவைத் தன் பக்கம் இழுத்து, "சட்டம்னு ஒண்ணு இருக்குதுங்களே அண்ணா" என்றார்.

"இருக்கட்டுமுங்க. விசாரிக்கிறவங்க விசாரிச்சு, இவரு வேத்து நாட்டாளுன்னா அவங்க சொல்லட்டும். அதுக்கு முன்னால நாம ஏனுங்க தீர்ப்பு எழுதோணும்? எங்கப்பாரு பொறந்த தேதிக்கே எங்கிட்டக் காகிதம் இல்லீங்க" என்றார் நஞ்சப்பண்ணன்.

பட்டியலில் இத்ரீஸ் பெயரை மறைக்கவில்லை. எதிரே 'ஆவணம் தேடப்படுகிறது' என்று எழுதி, அவருடைய ஊர் அலுவலகத்துக்கு மனு அனுப்பினார். சங்கப் பதிவேட்டில் 'பதில் வரும்வரை ஆளுக்குப் பொறுப்பு' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டார். என் இரண்டாம் விதியை அடித்துவிட்டு இந்த ஏற்பாட்டையே எல்லோருக்குமான விதியாக்கினார். மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. தினமும் தபால்காரரிடம் கேட்பார். இப்போது நான் கேட்கிறேன்.

காரியம் முடிந்து நடந்த முதல் கூட்டத்தில் அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. எவர் முன்னாலும் தண்ணீர் இல்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். தலைவர் பதிவேட்டைத் திருப்பி, "செத்தவங்க பொறுப்பு செல்லாதுங்க. இத்ரீசுக்கு இனி யாருங்க?" என்றார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், அது ஓடவில்லை.

கேலி செய்வதைத் தவிர வேறெதற்கும் பொறுப்பேற்காமல் இத்தனை வயதைக் கடத்தியவன் நான். எழுந்துபோய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். பிறகு பதிவேட்டை வாங்கி, நஞ்சப்பண்ணன் பெயரை அடிக்காமல், அதன் கீழே என் பெயரை எழுதினேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரி.