'ஒதுக்கு' ஃபோல்டர்

கீரமங்கலம் கடைத்தெருவில், உரக்கடை மாடியில் இருக்கிற ஸ்டுடியோவில் பதினாறு வருஷமாக வீடியோ எடிட்டிங் பார்க்கிறாள் பிரகதீஸ்வரி. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் கடைசியில் அவள் தலையில்தான் வந்து விடியும். மூன்று கேமரா, ஒரு ட்ரோன், ஆயிரத்துச் சொச்சம் கிளிப்புகள். பந்தியில் எவனோ அப்பளம் நொறுக்குவதை நாலு நிமிஷம் எடுத்து வைத்திருப்பார்கள் கேமராக்காரப் புண்ணியவான்கள். அத்தனையையும் அவள் ஒருத்தி உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

பார்ப்பதிலும் அவளுக்கு ஒரு முறை உண்டு. திரையில் கட்டம் கட்டமாக நிற்கிற சின்னப் படங்களின் மேல் மவுஸை ஓட்டுவாள். ஓட்ட ஓட்ட உள்ளே இருப்பது விறுவிறுவென்று நகரும். கிளிப்பைத் திறக்காமலே இது தாலி, இது சீர், இது மாமன் மாலை என்று கண்டுகொண்டு, ஒரு பேர் வைத்து, அதற்கான ஃபோல்டரில் தள்ளிவிடுவாள். மற்ற எடிட்டர்கள் கேமரா கொடுத்த நம்பரை வைத்துக்கொண்டு அல்லாடும்போது, இவள் ஒவ்வொரு கிளிப்புக்கும் தமிழில் பேர் வைத்தாள். அதில் அவளுக்குக் கர்வம்கூட உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்குக் கர்வம் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

அந்த ஃபோல்டர்களில் கடைசி 'ஒதுக்கு'. கண்ணை மூடிய ஆட்கள், ஆடிப்போன ஷாட், சாம்பார் வாளி எல்லாம் அங்கே போகும். அவற்றோடு, புருஷனை இழந்த பெண்களும் போவார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாண வீடியோவின் முதல் காட்சியிலேயே பொட்டில்லாத சித்தி ஒருவர் சிரித்துக்கொண்டு வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஸ்டுடியோ வாசலில் நின்று கத்திய கத்தலில் கடைத்தெருவே கூடிவிட்டது. முதலாளி கோபிநாத் அன்றைக்குச் சொன்னார்: "இந்த மாதிரி ஆளுகள மொதல்லயே எடுத்து அங்கிட்டுப் போட்ரு பிரகதி. நமக்கு எதுக்கு வம்பு?"

ஒரு தடவைதான் சொன்னார். அப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நெற்றி காலியாக இருந்தால் கை தானாக இழுத்துப் போட்டுவிடும். தம்பி கல்யாணத்தில் பெற்ற தாயையே அப்படித்தான் ஒதுக்கினாள். வீடியோவைப் பார்த்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன மாசியில் ஒரு காலை, சுடர்விழி மாடியேறி வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் கல்யாணமாகிப் புருஷனோடு சிங்கப்பூர் போன பெண். அவளுடைய அம்மா பொன்னுத்தாய், புருஷன் போன பிறகு தனியாளாக மல்லிகையும் கனகாம்பரமும் போட்டு, தினமும் பறித்துக் கீரமங்கலம் பூக்கடைக்குக் கொண்டுவந்து, மகளைப் படிக்க வைத்தவர். பொங்கல் கழிந்த மறுவாரம் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

"ஆதார் கார்டுல இருக்குற படத்தத்தான் பெருசாக்கி மாலை போட்டுருக்கோம்க்கா. அது எங்க அம்மா மாதிரியே இல்ல. நாலு மணி நேர வீடியோவ அப்ப யாரு முழுசாப் பாத்தா? நேத்துதான் ஒக்காந்து பாத்தேன். ஒரு எடத்துலயும் அம்மாவக் காணோம். எடுத்தது பூராவும் ஒங்ககிட்ட இருக்கும்ல? அம்மா நடக்குறத ஒரு தடவ பாத்தாப் போதும்க்கா."

"ஒக்காரும்மா, பாப்போம்" என்றாள் பிரகதீஸ்வரி. ஆறு மாதம் போனால் ஹார்ட் டிஸ்க்கை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுவிடுவது ஸ்டுடியோ வழக்கம். ஆனாலும் நாலு டிஸ்க்கைச் செருகிப் பார்த்தாள். காதுகுத்து வந்தது, சடங்கு வந்தது, யார் வீட்டு வளைகாப்போ வந்தது. பொன்னுத்தாய் வரவில்லை.

மிச்சமிருந்தது அந்தக் கல்யாணத்தை எடிட் செய்த ப்ராஜெக்ட் மட்டும்தான். அதில் படம் இருக்காது. எந்தக் கிளிப், என்ன பேர், எவ்வளவு நேரம் என்ற விவரம் மட்டும் இருக்கும். ஏதாவது ஒன்று தப்பிப் பிழைத்திருக்காதா என்ற நப்பாசையில் திறந்தாள். கட்டங்கள் எல்லாம் சிவப்பாக வந்து நின்றன. படம் அழிந்துவிட்டது என்று அர்த்தம். கை பழக்கத்தில் 'ஒதுக்கு' ஃபோல்டரை விரித்துவிட்டது. பக்கத்தில் சுடர்விழி இருப்பது அப்புறம்தான் உறைத்தது.

சுடர்விழி திரையில் விரலை வைத்து, எழுத்துக்கூட்டுகிற பிள்ளையாட்டம் மெதுவாக வாசித்தாள்.

"பொண்ணு அம்மா, பூக்கூடையோட வருது. பொண்ணு அம்மா, வாசலில் சிரிப்பு. பொண்ணு அம்மா, தூணுக்குப் பின்னால் அழுகை. பொண்ணு அம்மா, மேடை ஏறப் போய்த் திரும்புது..."

மொத்தம் பதினேழு இருந்தன.

"இம்புட்டு இருந்துச்சா?" என்றாள். பிறகு, "எங்க மாமியா வீட்டுல ஒதுக்கச் சொன்னாங்களாக்கா?"

தலையை ஆட்டினால் போதும், பழி அங்கிட்டுப் போய்விடும். அந்த நினைப்பு பிரகதீஸ்வரிக்கு வராமல் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லம்மா. யாரும் சொல்லல. நாந்தான் ஒதுக்குனேன்."

சுடர்விழி திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவளோ செல்போனை எடுத்து, திரையில் இருந்த அந்தப் பேர்களைப் படம் பிடித்துக்கொண்டாள். வந்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"மேடை ஏறப் போய்த் திரும்புனது எம்புட்டு நேரம்க்கா?"

பேருக்குப் பக்கத்திலேயே இருந்தது. "பதினோரு செகண்டு."

"திரும்புறப்ப எங்க அம்மா மொகம் எப்படிக்கா இருந்துச்சு?"

பிரகதீஸ்வரி சிவப்புக் கட்டத்தின் மேல் மவுஸை ஓட்டினாள். ஒன்றும் நகரவில்லை. ஏறப் போனதும் திரும்பியதும் பேர் வைக்கப் போதுமாக இருந்தன. அன்றைக்கு அவள் பார்த்தது நெற்றியைத்தான்; முகத்தைப் பார்க்கவில்லை.